அத்தா விட்டுச் சென்ற நாணயப் பெட்டி

சென்ற ரமளானுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து நாம் பள்ளிவாசல் படியிறங்கும்போது திண்டிவனத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் நம்மை நிறுத்தி, "ஹஜ்ரத், வீட்டிலே ஒரு சின்ன மஸ்அலா. பத்து நிமிஷம் வந்து போக வேண்டும்" என்றார். பத்து நிமிஷக் காரியம் முடிய மூன்று வாரம் ஆயிற்று. அதை இங்கே எழுதுவதற்கு அந்த வீட்டாரின் அனுமதி உண்டு. பெயர்களை மட்டும் விட்டு விடுகிறோம்.

அவருடைய தகப்பனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷமாகப் பழைய நாணயங்களைச் சேர்த்து வந்தவர். பாத்திரக் கடைகள், பத்தர்களின் பட்டறைகள், சந்தைகள் என்று அலைந்து சேர்த்தவை ஒரு தேக்குப் பெட்டி நிறைய இருந்தன. விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த வெள்ளி ரூபாய்கள் 61. ஒரு பக்கம் லில்லிப் பூவும் மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்றும் உள்ள பிரெஞ்சுக்காரர்களின் செப்புத் துட்டுகள். பிறை அடையாளமிட்டுப் புதுச்சேரியில் அவர்கள் அச்சடித்த ஆர்க்காட்டு ரூபாய்கள். திருக்கோவிலூரில் தென்பெண்ணை மணலில் கிடைக்கும் மலையமான் காசுகள். கலிமா பொறித்த ஷாஜஹான் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று.

அவர் மவுத்தாகி நாற்பது நாள் கடந்திருந்தது. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் வாரிசுகள். பெற்றோர் முன்பே மறைந்து விட்டார்கள். மகன் துபாயில் வேலை பார்க்கிறார். மூத்த மகள் விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவர். இந்த மகள்தான் சிறு வயதிலிருந்து அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காசையும் உறையிலிட்டு, வருஷமும் ஊரும் எழுதி வைத்தவர். அத்தா கடைசியாகப் படுத்திருந்தபோது, "பெட்டி உனக்குத்தாம்மா" என்று சொன்னார். தாயாரும் அதைக் கேட்டிருக்கிறார். தம்பியோ முதலில், "செப்புக் காசுதானே, எடைக்குப் போட்டு விடலாம்" என்றிருந்தவர், பழைய காசு ஒன்று லட்சக்கணக்கில் விலை போவதாகச் செல்போனில் எதையோ பார்த்த பிறகு, "துபாய்க்கு எடுத்துப் போய் விற்றுக் கொண்டு வருகிறேன்" என்று சொல்லத் தொடங்கினார். அக்கா தம்பிக்குள் பேச்சு நின்று போயிருந்தது.

நாம் போனபோது அந்தச் சகோதரி முன்கூடத்துக்குக் கூட வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடியே, "ஹஜ்ரத், அத்தா எனக்குக் கொடுத்தது எனக்கு ஆகுமா, ஆகாதா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. 'உனக்குத்தான்' என்று வாயால் சொல்வது வேறு, கொடுப்பது வேறு. நம் ஹனஃபீ மத்ஹபில் ஹிபா, அதாவது நன்கொடை, பெறுபவர் கைக்கு வந்து சேர்ந்தால்தான் நிறைவேறும். ஷாஃபிஈ மத்ஹபிலும் கைவசம் வராமல் உடைமை மாறாது. பெட்டி அத்தாவின் அறையில், சாவி அத்தாவின் தலையணைக்கடியில் இருந்தது. அவர் மவுத்தான நொடியில் அந்தப் பேச்சோடு சேர்த்து ஹிபாவும் முடிந்து போயிற்று. ஒரு வேளை அந்தப் படுக்கையிலேயே சாவியைக் கையில் கொடுத்திருந்தாலும், மரணத்தில் முடிந்த நோயின்போது கொடுத்தது வஸிய்யத்தின் சட்டத்துக்குள்தான் வரும். வாரிசுக்கு வஸிய்யத்து இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைசி ஹஜ்ஜின்போது அறிவித்து விட்டார்கள். மற்ற வாரிசுகள், பருவமடைந்தவர்கள், மவுத்துக்குப் பிறகு மனமொப்பி ஏற்றுக் கொண்டால் அது செல்லும். ஒருவர் ஏற்று இன்னொருவர் மறுத்தால், ஏற்றவருடைய பங்கில் மட்டும் செல்லும். தாயார் ஏற்பதாகச் சொன்னார். தம்பி ஏற்கவில்லை. தங்கை வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நாம் சம்மதமாக எடுத்துக் கொள்ளவில்லை.

கதவுக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. மஸ்அலா சொல்வது சில நேரங்களில் மிகவும் கஷ்டமான வேலை.

ஆனால் தம்பிக்கும் பாதகமாக ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் அக்கா விழுப்புரத்துக்குக் குடித்தனம் போனபோது, அத்தா ஒரு பிஸ்கட் டப்பாவில் முப்பதுக்கு மேற்பட்ட செப்புக் காசுகளைப் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதையும் கொண்டு வந்து பொதுவில் வைக்க வேண்டும் என்பது தம்பியின் வாதம். இல்லை. நல்ல ஆரோக்கியத்தில், பூரண மனத்தோடு கொடுத்து, கைக்கும் வந்து, வேறு வீட்டுக்கும் போய் விட்ட பொருள் அது. அக்காவுக்கே சொந்தம். பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவர்களை விட்டு விட்டது சரியா என்று கேட்டால், அது வேறு கேள்வி. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை அவருக்கு மட்டும் ஒரு நன்கொடை கொடுத்து, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக இருக்கக் கேட்டபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று வினவி, இல்லை என்றதும் சாட்சியாக மறுத்து விட்டார்கள். அத்தா மற்ற இருவருக்கும் ஏதாவது கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொடாததால் டப்பா திரும்பி வராது.

இனி பெட்டி. மய்யித்தின் சொத்தைத் தொடுவதற்கு வரிசை உண்டு என்பதை நம் வீடுகளில் பலர் மறந்து விடுகிறார்கள். கஃபன், அடக்கச் செலவு, அடுத்து கடன், அடுத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்து, அதற்குப் பிறகுதான் வாரிசுகளின் பங்கு. அந்த வீட்டில் அடக்கச் செலவை மகன் ஏற்றுக் கொண்டார். கடன் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நாம் தாயாரின் மஹரைப் பற்றிக் கேட்டோம். ஐந்நூற்றொரு ரூபாய், கொடுக்கப்படவில்லை. ஜனாஸா தூக்குமுன் பெண்கள் வந்து, "மன்னிச்சேன்னு சொல்லு" என்று கேட்டார்களாம், அவரும் சொல்லி விட்டாராம். இந்த வழக்கத்தை நாம் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறோம். கணவனின் முகத்தைக் கடைசியாகப் பார்த்துக் கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் ஊர் கூடி வாங்குகிற மன்னிப்பில் மனமொப்புதல் எங்கே இருக்கிறது? மஹர் கடன்தான். முதலில் அதை எடுத்துத் தாயார் கையில் கொடுக்கச் செய்தோம். வாங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அது வெறும் ஐந்நூறு ரூபாய் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, பெட்டிக்குள் இருப்பதெல்லாம் மய்யித்தினுடையதுதானா? அத்தா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அதில் விழுப்புரத்துத் தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து பார்த்துத் தர வாங்கியவை என்று 14 காசுகள் தனியே எழுதப்பட்டிருந்தன. அவர் முஸ்லிம் அல்லர், ஓய்வு பெற்றவர், எத்தனை கொடுத்தோம் என்பது அவருக்கே நினைவில்லை. நோட்டு மட்டும் நினைவு வைத்திருந்தது. அது அமானத்து. மறுநாளே போய்ச் சேர்ந்தது. சேகரிப்பவர்கள் தங்களுக்குள் மாற்றிக் கொள்வதும், கொடுத்து வைப்பதும் அடிக்கடி நடக்கும். ஆகவே வாரிசுகள் முதலில் நோட்டைத் தேட வேண்டும், பிறகு நண்பர்களை விசாரிக்க வேண்டும். வாங்கியதாக இல்லாமல் மண்ணில் கண்டெடுத்ததாக எழுதியிருந்தால் அது இன்னொரு விஷயம். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இங்கே திருக்கோவிலூர்க் காசுகள் விலைக்கு வாங்கியவை என்றே நோட்டில் கண்டிருந்தது.

பிறகு ஜக்காத்து. இதைக் கேட்டதும் வீட்டார் திகைத்தார்கள். அத்தா தொழுகையாளி, ஜக்காத்தும் கொடுத்து வந்தவர். ஆனால் பெட்டிக்குக் கொடுத்ததில்லை. "அது அவருக்குப் பொழுதுபோக்குதானே ஹஜ்ரத்" என்றார் மகன். செப்புக் காசுக்கு, வியாபாரத்துக்காக வைத்திருந்தாலன்றி, ஜக்காத்து இல்லை. வெள்ளி எந்த உருவத்தில் இருந்தாலும் வெள்ளிதான். வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம், அதாவது ஐம்பத்திரண்டரைத் தோலா. பெரியவர்கள் 'ரூபாய் எடை' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கலப்பை விட வெள்ளி மிகுதியாக இருப்பதால் ஹனஃபீ சட்டத்தில் முழுதும் வெள்ளியாகவே கணக்கு. ஆகவே 53 பழைய ரூபாய் கையில் இருந்தால் நிஸாப் நிறைந்து விட்டது. ஷாஃபிஈ மத்ஹபில் சுத்த வெள்ளியைக் கணக்கிடுவதால் 58 வேண்டும். அத்தாவிடம் 61 இருந்தன. வருஷத்துக்கு நாற்பதில் ஒன்று, ஏறக்குறைய ஒன்றரைக் காசு எடை, கொடுத்திருக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் விடுபட்ட ஜக்காத்து மற்றக் கடன்களைப் போலப் பங்கு வைக்குமுன் கொடுக்கப்பட வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அவர் வஸிய்யத்துச் செய்திருந்தால் மூன்றில் ஒன்றிலிருந்து எடுக்கப்படும். செய்யாவிட்டால் வாரிசுகள் மீது கட்டாயமில்லை, தாமாக விரும்பித் தங்கள் பங்கிலிருந்து கொடுக்கலாம். மூன்று பிள்ளைகளும் கொடுக்கிறோம் என்றார்கள். பத்து வாரங்களில் அந்த மூன்று பேரும் ஒரே வார்த்தை சொன்னது அப்போதுதான் என்று தாயார் பிறகு சொன்னார்.

இதற்குள் ஒரு விபரீதம் நடந்திருந்தது. பார்க்க வருபவர்களுக்கு அழகாக இருக்கட்டும் என்று தங்கை எட்டுப் பத்துக் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி விட்டார். பித்தளைக் குடத்துக்கு அது சரி. பழைய காசுக்கு அந்தக் கறுப்புதான் விலை. தேய்த்த காசை விவரம் தெரிந்தவர் பாதி விலைக்கும் கேட்க மாட்டார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அறியாமல் செய்தது. ஆனால் மவுத்தான நொடியிலிருந்து ஒவ்வொரு காசிலும் எல்லா வாரிசுகளுக்கும் பங்கு வந்து விடுகிறது. யத்தீம் பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் அது யத்தீமின் சொத்து. ஒருவர் தன் இஷ்டப்படி தேய்க்கவும், உருக்கவும், நண்பருக்கு எடுத்துக் கொடுக்கவும் உரிமையில்லை.

விலை எப்படி வைப்பது? பத்தரிடம் போனால் எடைக்கு விலை சொல்வார், சேகரிப்பவரிடம் போனால் அபூர்வத்துக்கு விலை சொல்வார். செல்போனில் வருகிற விலையை நம்பவே கூடாது. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாகக் கட்டணமும் கமிஷனும் கேட்டு ஏமாற்றுகிறவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. தாங்கள் அப்படிப்பட்ட வேலையில் ஈடுபடுவதில்லை என்றும் சொன்னது. ஆகவே விவரமறிந்த, வாங்குகிற எண்ணமில்லாத இருவரைக் கொண்டு விலை வைக்கச் சொன்னோம். கணக்குக்காக 3,20,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம்.

சூரத்துன்னிஸாவின் 11, 12ஆம் வசனங்களில் அல்லாஹுத்தஆலா பங்கைத் தானே பிரித்து விட்டான். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சம் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில். நாம் ஓதிய காலத்தில் உஸ்தாது புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்துப் பங்கு போடச் சொல்வார். அந்த வீட்டில் புளிக்குப் பஞ்சமில்லை! 32 கொட்டைகளை எடுத்து வைத்தோம். தாயாருக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. அதாவது தாயாருக்கு 40,000, மகனுக்கு 1,40,000, மகள்களுக்கு 70,000 வீதம். 1937ஆம் வருஷத்து ஷரீஅத் சட்டப்படி கோர்ட்டுக்குப் போனாலும் இதே கணக்குதான், வக்கீல் செலவு மட்டும் கூடும்.

"அப்படியானால் பெட்டியை உடைத்துப் பிரிக்கத்தான் வேண்டுமா?" என்றார் மூத்த மகள். இப்போது அவர் முன்கூடத்துக்கு வந்திருந்தார்.

வேண்டியதில்லை. ஆனால் இங்கே பலர் தெரியாமல் விழுகிற ஒரு குழி உண்டு. தம்பி, "அக்கா அந்த அபூர்வமான பத்தை எடுத்துக் கொள்ளட்டும், நான் சாதாரண வெள்ளி ரூபாய் முப்பதை எடுத்துக் கொள்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தார். நியாயம் போலத் தெரிகிறது. ஆனால் வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால் எடைக்கு எடை சமமாக, கைக்குக் கை உடனே நடக்க வேண்டும், மிகுதியானது வட்டி என்பது நபி (ஸல்) அவர்களின் தெளிவான கட்டளை. காசின் அபூர்வம் அந்தச் சட்டத்தை மாற்றாது. வெள்ளியைக் கொடுத்துத் தங்கம் வாங்கினால் எடை வித்தியாசம் ஆகும், ஆனால் அதே மஜ்லிஸில் இரண்டும் கைமாற வேண்டும். ஆகவே வெள்ளியை வெள்ளியால் ஈடு கட்டாமல், இன்றைய ரூபாய் நோட்டில் விலை பேசி அங்கேயே கொடுத்து வாங்குவது பேணுதலானது.

அக்காவின் கையில் அவ்வளவு ரொக்கம் இல்லை. ஆனால் வீடு இருந்தது. ஒரு வாரிசு மற்றவர்களோடு உடன்பட்டு, ஏதாவதொன்றை எடுத்துக் கொண்டு மற்றதில் தன் உரிமையை விட்டுக் கொடுப்பதற்குத் தகாருஜ் என்று பெயர். இதற்கு ஸஹாபாக்கள் காலத்திலேயே முன்மாதிரி உண்டு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மறைந்தபோது மனைவியரின் எட்டில் ஒன்று நால்வருக்குப் பொதுவாயிற்று. அவர்களில் துமாளிர் (ரலி) அவர்களின் பங்கு முப்பத்திரண்டில் ஒன்று. மற்ற வாரிசுகள் எண்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்து அவர்களுடன் சமரசம் செய்து கொண்டார்கள்.

திண்டிவனத்து வீட்டுக்கு 16 லட்சம் என்று மதிப்புப் போட்டால் அதில் அக்காவின் பங்கு மூன்றரை லட்சம். பெட்டியில் 70,000. மொத்தம் 4,20,000. அவர் பெட்டியை முழுதாக எடுத்துக் கொண்டால், மற்ற மூவருக்கும் பெட்டியில் உள்ள இரண்டரை லட்சத்துக்கு ஈடாக வீட்டில் அவ்வளவு மதிப்பை விட்டுக் கொடுக்கிறார். வீட்டில் அவருக்கு ஒரு லட்சத்தின் பங்கு மிஞ்சும். மண்ணுக்கு வெள்ளி மாறுகிறது, ஆகவே வட்டியின் வாடை இதில் இல்லை. தம்பி இரண்டு நாள் யோசித்து ஒப்புக் கொண்டார். துபாயில் விற்கலாம் என்ற எண்ணம் அதற்கு முன்பே போய் விட்டது. நூறு வருஷத்துக்குக் குறையாத காசு 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி பழம்பொருள். தனி மனிதர் அதைத் தேசத்துக்கு வெளியே கொண்டு போக முடியாது. அந்தப் பெட்டியில் பெரும்பாலானவை அந்த வகை. விமான நிலையத்தில் பிடிபட்டிருந்தால் காசும் போய், வேலையும் போயிருக்கும்.

உயிரோடிருக்கும் சேகரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டி உடையக் கூடாது என்று விரும்பினால், ஆரோக்கியமாக இருக்கும்போதே பிள்ளைகள் எல்லோருக்கும் ஏதாவது கொடுத்து, உரியவரிடம் பெட்டியைக் கையோடு ஒப்படையுங்கள். அல்லது வாரிசல்லாத ஒருவருக்கோ, மத்ரஸாவுக்கோ, 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற ஒன்றுக்கோ மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத்து எழுதுங்கள். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் நோயுற்று, பொருளில் மூன்றில் இரண்டைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டபோது, மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஹைதராபாத்தின் மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுஃப் அலீ கான், 1949 மார்ச்சில் மறைந்தபோது மனைவி மக்கள் இல்லை. நாணயங்களும் கையெழுத்துக் குர்ஆன் பிரதிகளுமாக ஒரு மாளிகை நிறையச் சேர்த்து வைத்திருந்தார். 1951 டிசம்பரில் நேரு அதை அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். ஆனாலும் வாரிசுகள் உடன்பட்டு, உயர்நீதிமன்றத் தீர்ப்பின்படி சமரசப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் அது சர்க்காருக்குச் சேர்ந்தது. 1961இல் பார்லிமெண்டு அதற்கென்றே சட்டம் இயற்றியது. எவ்வளவு பெரிய சேகரிப்பானாலும் வாரிசுகளின் உரிமையைத் தாண்டிப் போக முடியவில்லை.

எல்லாம் எழுதிக் கையெழுத்தான பிறகு அந்தச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார். ராஜா ராணி தலையுள்ள காசை வீட்டில் வைக்கலாமா, கலிமா பொறித்த காசை ஒளு இல்லாமல் தொடலாமா என்று. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் புழங்கியவை உருவம் பொறித்த ரோமத் தீனார்களும் பாரசீகத் திர்ஹம்களும்தான். உருவத்தை நீக்கி வசனம் பொறித்த காசு, ஹிஜ்ரி 77இல் அப்துல் மலிக் ஆட்சியில் வந்தது. பெட்டிக்குள் மூடி வைத்திருப்பதில் தடையில்லை. கலிமாக் காசின் விஷயத்தில் ஷாஃபிஈ மத்ஹபின் பலமான சொல் இலகுவானது. நம் ஹிதாயாவில், குர்ஆன் சூரா பொறித்த திர்ஹத்தை ஒளு இல்லாதவர் அதன் பையோடு அன்றித் தொடக் கூடாது என்று வந்திருக்கிறது. கலிமாவின் இரு பகுதிகளும் குர்ஆனில் தனித்தனி இடங்களில் வருபவை. ஆகவே அதற்கும் அந்த அதபைப் பேணுவது நல்லது என்றோம். முகலாய அரசர் அவுரங்கசீப், கலிமா கண்ட கைகளில் படக் கூடாது என்று அதைக் காசில் பொறிப்பதையே நிறுத்தினார்.

சென்ற மாதம் விழுப்புரத்தில் அந்தச் சகோதரியின் கணவரைப் பார்த்தோம். பெட்டி பீரோவில் இருக்கிறதாம். ஷாஜஹான் ரூபாய்க்கு மட்டும் பச்சைத் துணியில் ஒரு சுருக்குப் பை தைத்திருக்கிறார்களாம். தைத்துக் கொடுத்தவர், புளி போட்டுத் தேய்த்த தங்கை.